கட்டடத்தைப் பற்றி நான்கு வரி: பதிவுத்துறைத் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பதிவுத்துறைத் தலைவர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வருடம் சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு வீடு வாங்கினேன். முப்பது வருடத்துக்கு மேலான வீடு, ஆனால் பார்த்தால் அப்படித் தெரியாது. சுவரெல்லாம் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்து, தரைக்குப் புது டைல்ஸ், ஹாலில் ஃபால்ஸ் சீலிங், அதற்குள் மஞ்சள் விளக்கு. "பால் காய்ச்சிக் குடிபோக வேண்டியதுதான் பாக்கி" என்றார் புரோக்கர். நம்பினோம்.

ஐப்பசி மழையில் சீலிங்கில் டீக்கறை மாதிரி ஒரு வட்டம் தெரிந்தது. நாலு நாளில் அது தாம்பாளம் அளவுக்குப் பெரிதானது. மேஸ்திரியை அழைத்துவந்து ஒரு பலகையைக் கழற்றினோம். மேலே தளத்தின் காரை பெயர்ந்து கம்பி வெளியே தெரிந்தது. விரலால் தேய்த்தால் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. மேஸ்திரி சுத்தியல் காம்பால் தளத்தைத் தட்டிக்கொண்டே போனார். ஓரத்தில் கெட்டியாகக் கேட்ட சத்தம், ஹாலின் நடுவில் பொத் பொத்தென்று ஆகிவிட்டது. "இது ஒரு மழையில வந்ததில்லைங்க, பல வருசமா தண்ணி இறங்கியிருக்கு" என்றார். துரு ஏற ஏறக் கம்பி பருக்கும், அது நெட்டித்தள்ளித்தான் கான்கிரீட் வெடித்துப் பெயர்கிறது என்று விளக்கினார். அப்புறம் அவர் காட்டியதுதான் இன்னும் மனதை அறுக்கிறது. சீலிங்கைத் தாங்கும் கம்பிகளை, பெயர்ந்த இடங்களை விட்டு விலக்கி, நல்ல இடமாகப் பார்த்து அடித்திருந்தார்கள்.

முன்னறையில் இன்னொன்று. எங்கள் பகுதி நெசவுக்காரர்கள் பகுதி. பழைய வீடுகளில் குழித்தறி இருக்கும், உட்கார்ந்து நெய்கிறவர் காலை இறக்கி மிதிப்பதற்கான குழி. எங்கள் வீட்டுக் குழியில் இடித்த செங்கல்லையும் காரையையும் கொட்டி, திமிசு போட்டு இறுக்காமல், மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். பீரோ வைத்த மூன்றாம் மாதம் தரை இறங்கி, பீரோ ஒருபக்கம் சாய்ந்து நின்றது. குழி இருந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்ட குழி அது. சொல்லியிருந்தால் குடிவரும் முன்பே நானே சரியாக நிரப்பியிருப்பேன்.

வீட்டை வாங்கி, வேலை பார்த்து எனக்கு விற்றவரிடம் போய்க் கேட்டேன். "வேலையெல்லாம் ஆள் வெச்சு செஞ்சது, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார்.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே, 55ஆம் பிரிவில், இதற்கு வழி இருக்கிறது என்றார் வக்கீல். தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும், சொல்லாமல் விட்டால் அது மோசடி. சரி, ஆனால் அவருக்குத் தெரியும் என்று நிரூபிக்கும் பொறுப்பு என் தலையில் அல்லவா விழுகிறது? ரேரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் கட்டடக் குறைகளுக்குச் சொல்லியிருக்கும் ஐந்து வருடப் பொறுப்பு, வீடு கட்டி விற்கும் புரமோட்டர்களுக்கானது. எங்களுடையதைப் போல ஒற்றைப் பழைய வீட்டை வாங்கியவருக்கு அது உதவாது.

கிரயப் பத்திரத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அடமானம் இல்லை, ஜப்தி இல்லை, மைனர் பாத்தியம் இல்லை, கோர்ட் வழக்கு இல்லை என்று விற்பவர் உறுதி மேல் உறுதி தந்திருக்கிறார். தலைக்கு மேல் இருக்கும் தளத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. வில்லங்கச் சான்றும் பத்திரங்களின் வரலாற்றைத்தான் சொல்லும், கட்டடத்தின் வரலாற்றை அல்ல. முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் மதிப்பின் மேல் வாங்குகிறீர்கள். அந்த மதிப்புக்காகக் கட்டடத்தின் பரப்பு, வயது, கூரை வகை எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கிறோம். சொத்தின் புகைப்படமும் சேர்க்கிறோம். எங்கள் படத்தில் புதுப் பெயிண்ட் பளபளக்கிறது.

அந்தக் கட்டட விவரத்தோடு இன்னும் நான்கு வரி சேர்த்து, விற்பவரிடம் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். கடைசியாக என்னென்ன வேலை பார்த்தீர்கள்? தளத்தில் ஒழுக்கு, கம்பித் துரு, வெடிப்பு உண்டா? சுவரில் ஓதம் ஏறுகிறதா? தரைக்கடியில் மூடிய கிணறு, தொட்டி, தறிக்குழி ஏதாவது உண்டா? இதற்காகப் பதிவை நிறுத்த வேண்டாம், விலையைக் குறைக்கவும் வேண்டாம். வயதானவர்கள், வெளியூரில் இருந்து விற்பவர்கள் உண்மையிலேயே தெரியாமல் இருப்பார்கள். அவர்கள் 'தெரியாது' என்றே எழுதட்டும். ஆனால் சீலிங் அடித்த கையோடு விற்பவர், 'தெரியாது' என்று எழுதிக் கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை யோசிப்பார். என்னைப் போன்றவர் கோர்ட்டுக்குப் போனால் காட்ட ஒரு காகிதமும் கையில் இருக்கும்.

தை பிறந்ததும் தள வேலை ஆரம்பிக்கிறோம். அதுவரை ஹாலில் யாரும் படுப்பதில்லை. கழற்றிய பலகைகளின் இடத்தையும், தோண்டிய குழியையும் தேதியோடு படம் எடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் பார்க்க விரும்பினால் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அம்மாப்பேட்டையில் வீடு வாங்கிய ஒருவர்