ஊரிலிருந்து ‘கட்டலாமா?’ என்று கேட்டால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

“அண்ணே, சிங்கப்பூர் பெர்மிட்டுக்கு மூணு லட்சம் கேக்குறாங்க, கட்டலாமா?” புதுக்கோட்டை, அரியலூர், ராமநாதபுரம் பக்கமிருந்து இங்குள்ள தமிழர் பலருக்கும் வரும் அழைப்பு இது. “வந்துடு, பொழைச்சுக்கலாம்” என்போம், இல்லாவிட்டால் “வேணாம்டா தம்பி” என்போம். தைரியம் அவனிடம் இருக்கிறது. கணக்குப் போட்டுக் காட்டத்தான் ஆள் வேண்டும்.

மாத அடிப்படைச் சம்பளம் 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஒரு வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கேட்டரிங் சாப்பாடு, கைப்பேசி, சில்லறைச் செலவு என்று 190 வெள்ளி போனால் மிச்சம் 410 வெள்ளி, அதாவது 26,650 ரூபாய். வீட்டுச் செலவுக்கு 12,000 அனுப்பினால் கடனுக்குச் சுமார் 14,500 நிற்கும். மூன்று லட்சத்தை மூன்று வட்டிக்கு வாங்கியிருந்தால், முதல் மாதம் வட்டிக்கே 9,000 போய்விடும். அசலில் கழிவது 5,500தான். இப்படியே கட்டிவந்தால் கடன் தீர 33 மாதம் ஆகும். பெர்மிட் எனப்படும் வேலை அனுமதியோ பொதுவாக இரண்டு ஆண்டுக்குத்தான்.

“கைக்கு ஆயிரம் வெள்ளி வரும்” என்று ஏஜென்ட் சொல்வது ஓவர்டைமையும் சேர்த்து. அதையும் பிரித்துப் பார்க்கலாம். அடிப்படைச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, ஆண்டின் 52 வாரத்தை வாரத்தின் 44 மணி நேரத்தால் பெருக்கி வரும் 2,288ஆல் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி. 600 வெள்ளிக்கு அது 3.15, ஓவர்டைமுக்கு அதில் ஒன்றரை மடங்கு, 4.72. மாதத்துக்கு 72 மணி நேரம் என்ற வரம்பு வரை முழுதாகக் கிடைத்தாலும் 340 வெள்ளிதான். அது கிடைப்பது வேலைத்தளத்தைப் பொறுத்தது. கடனை ஓவர்டைமை நம்பி வாங்கக்கூடாது.

சரி, சட்டப்படி எவ்வளவு கொடுக்கலாம்? சிங்கப்பூரில் உரிமம் பெற்ற முகவர், அனுமதியின் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் வாங்கலாம். 600 வெள்ளிக்காரருக்கு அது 1,200 வெள்ளி, 78,000 ரூபாய். இந்திய அரசிடம் பதிவுபெற்ற முகவர் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் வாங்கலாம், 35,400. இரண்டையும் சேர்த்து அதே மூன்று வட்டிக்கு வாங்கினாலும் ஒன்பது மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். 33 மாதத்தோடு இதை வைத்துப் பாருங்கள். நடுவில் நிற்கும் மிச்சப் பணம் சப்-ஏஜென்டுக்கும் அவருக்குத் தெரிந்தவருக்கும் போகிறது. திருச்சியில் உட்கார்ந்து ரொக்கமாக வாங்குபவரைச் சிங்கப்பூரின் கட்டண வரம்பு தொடாது. ஆகவே பணம் வங்கி வழியாகப் போக வேண்டும், ரசீது வேண்டும். முதல் ஆறு மாதத்துக்குள் முதலாளி வேலையை விட்டு நிறுத்தினால் சிங்கப்பூர் முகவர் பாதிக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். ரசீது இல்லாதவர் எதை வைத்துக் கேட்பார்?

பணத்துக்கு முன்னால் காகிதம். ஐபிஏ எனப்படும் கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதம், ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே ஊழியரின் தாய்மொழியில் அவர் கைக்கு வர வேண்டும். அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் அதில் இருக்கும். நம் பங்கு இங்கேதான். தம்பியிடம் ஐபிஏவின் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கி, அது உண்மைதானா என்று மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் பாருங்கள். முகவரின் உரிமத்தையும் அங்கேயே பார்க்கலாம். கம்பெனி பதிவானதா என்பதை, கம்பெனிகளைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளம் காட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த முகவரி வரை போய்வந்தாலும் தப்பில்லை. “முதலில் விசிட் பாஸில் வா, பிறகு மாற்றிக்கொள்ளலாம்” என்று சொன்னால் பேச்சை அதோடு நிறுத்திக்கொள்ளலாம். விசிட் பாஸில் வேலை பார்ப்பது குற்றம்.

வெளிநாட்டு ஊழியரை வைத்திருக்க அரசுக்கு மாதாமாதம் கட்டும் தீர்வை, 5,000 வெள்ளி பிணைப் பணம், 60,000 வெள்ளிக்கான மருத்துவக் காப்புறுதி மூன்றும் முதலாளி தலையில். இவற்றின் பெயரில் ஊழியரிடம் ஒரு காசு வாங்கக்கூடாது. வேலை கொடுக்கவோ பெர்மிட்டைப் புதுப்பிக்கவோ முதலாளி பணம் வாங்கினால் 30,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டாண்டு வரை சிறையும் உண்டு.

பலரும் கோட்டைவிடும் இடம் மருத்துவப் பரிசோதனை. வந்த இரண்டு வாரத்துக்குள் இங்குள்ள மருத்துவரிடம் பரிசோதனை நடக்கும். காசநோய் தெரிந்தால் பெர்மிட் கிடைக்காது, திரும்ப வேண்டியதுதான். கடன் மட்டும் ஊரில் காத்திருக்கும். பணம் கட்டுவதற்கு முன்பே ஊரில் மார்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. அதற்கு ஆகும் செலவு எங்கே, மூன்று லட்சம் எங்கே!

வந்திறங்கிய பிறகு குறைந்த சம்பளம் எழுதிய இன்னொரு தாளை நீட்டினால் கையெழுத்துப் போடக்கூடாது. ஊழியர் எழுத்துமூலம் சம்மதிக்காமல் ஐபிஏவில் உள்ள சம்பளத்தைக் குறைக்க முடியாது. அந்தக் கையெழுத்துக்காகத்தான் அவசரப்படுத்துவார்கள். சம்பளப் பாக்கி இருந்தால் ‘டாட்எம்’ எனப்படும் தகராறு நிர்வாகக் கூட்டணியிடம், வேலையை விட்ட ஆறு மாதத்துக்குள் புகார் செய்ய வேண்டும். வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 6536 2692 என்ற எண்ணில் நாள் முழுவதும் ஆள் இருப்பார்கள்.

கட்டுமானத் துறைக்கு வருபவர் இன்னொன்றும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வரும் அடிப்படைத் திறன் ஊழியருக்கு முதலாளி மாதம் 900 வெள்ளி தீர்வை கட்டுகிறார், உயர்திறன் ஊழியருக்கு 500. ஆக, தேர்ச்சி பெற்று மேலே போகும் ஊழியரால் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம். சம்பள உயர்வு கேட்க இதைவிட நல்ல காரணம் கிடையாது. கேட்பவர் மிகக் குறைவு. பெர்மிட் முடிய 40 முதல் 21 நாள் இருக்கும்போது, முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு கட்டுமானக் கம்பெனிக்கு மாறவும் வழியுண்டு. 2025 ஜூலையிலிருந்து எத்தனை ஆண்டு வேலை பார்க்கலாம் என்ற வரம்பும் எடுபட்டுவிட்டது; வயது வரம்பும் அப்போது 63 ஆக உயர்ந்தது. ஆனால் குடும்பத்தை அழைத்துவர வேலை அனுமதியில் இடமில்லை. நடுத்தரத் திறன் ஊழியருக்கான எஸ் பாஸ் என்றாலும் 6,000 வெள்ளிச் சம்பளம் வேண்டும். “ரெண்டு வருஷத்துல பொண்டாட்டி புள்ளைய கூட்டிட்டு வந்துடலாம்” என்பது ஏஜென்டின் வாய்ச்சொல்.

ஐபிஏவின் எந்த வரி எதைச் சொல்கிறது என்பதை உங்கள் நாளிதழ் ஒரு முறை படம்போட்டு விளக்கி வெளியிட்டால், அந்தப் பக்கத்தை அப்படியே ஊருக்கு அனுப்பிவிடுவோம்.

இப்படிக்கு,
தொண்டூழியர்கள் இருவர்,
லிட்டில் இந்தியா, சிங்கப்பூர்