ரீஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் கொஞ்சம் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் வாராவாரம் கிளவுட், ஏஐ என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள், நல்லதுதான். ஆனால் ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் நான் வேலைக்குப் போகிற தோல் கம்பெனிகளில் சம்பளமும் ஸ்டாக்கும் இன்றைக்கும் பழைய டாம்கேட், கிளாஸ்ஃபிஷ் என்ற ஜாவா சர்வர்கள் மேல்தான் ஓடுகின்றன. டாம்கேட் 7-க்கு ஆதரவு 2021 மார்ச்சோடு முடிந்துவிட்டது. கிளாஸ்ஃபிஷுக்கு இனி வணிகப் பதிப்பு வராது என்று ஆரக்கிள் 2013-லேயே சொல்லிவிட்டது. புரோகிராம் எழுதியவர் எப்போதோ பெங்களூர் போய்விட்டார், கை வைக்க முதலாளிக்குப் பயம். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

என் கோபமெல்லாம் அதைப் பார்த்துக்கொள்கிறவர்கள் மேல். சிஸ்டம் நின்றுவிட்டது என்று போன் வந்ததும் ரீஸ்டார்ட், வேறு எதுவும் இல்லை. உடனே ஓடும், எல்லோருக்கும் சந்தோஷம், அடுத்த மாதம் சம்பளம் போடுகிற அன்று மறுபடி நிற்கும். ஏன் நின்றது என்பதற்கான தடயம் அந்த பிராசஸின் (ஓடிக்கொண்டிருந்த அந்த புரோகிராமின்) மெமரியில்தான் இருந்தது, ரீஸ்டார்ட்டோடு சேர்த்து அதையும் துடைத்தாகிவிட்டது.

முதலில் புட்டி (PuTTY) என்கிற மென்பொருள் வழியாக சர்வருக்குள் போய், ஓடுகிற ஜாவா பிராசஸ்களைக் காட்டும் ஜேபிஎஸ் கட்டளையை அடித்து பிராசஸ் எண்ணை எடுங்கள். அப்புறம் ஜேஸ்டாக்: பிராசஸுக்குள் ஒரே சமயத்தில் ஓடுகிற ஒவ்வொரு வேலையும் (த்ரெட்) எந்த வரியில் நிற்கிறது என்ற பட்டியலை, அதாவது த்ரெட் டம்ப்பை, அது தரும். பத்துப் பத்து விநாடி விட்டு மூன்று முறை எடுத்து ஃபைலில் போட்டு வையுங்கள். மூன்றிலும் ஒரே த்ரெட்டுகள் ஒரே வரியில் நின்றால் சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதான். எங்கள் பக்கம் பெரும்பாலும் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் கிடைக்காமல் வரிசையில் நிற்கிற கூட்டமாகத்தான் இருக்கும், யாரோ எழுதிய ரிப்போர்ட் ஒன்று கனெக்‌ஷனை எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்காது. சர்வரில் இந்தக் கருவிகள் அடங்கிய ஜேடிகே இல்லை, ஜாவாவை ஓட்ட மட்டும் செய்கிற ஜேஆர்இதான் என்றால், பிஎஸ் கட்டளையில் எண்ணை எடுத்து, பிராசஸுக்குச் சிக்னல் அனுப்பும் கில் மைனஸ் 3 கொடுங்கள். பேரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், ஜாவாவை அது கொல்லாது, த்ரெட் டம்ப்பை டாம்கேட்டின் லாக் ஃபைலான கேட்டலினா டாட் அவுட்டில் எழுதிவிட்டுப் போய்விடும். கில் மைனஸ் 9தான் ஒரு வார்த்தை சொல்லவிடாமல் சாகடிப்பது. ஜேடிகே இருந்தால், மெமரி நிலவரம் காட்டும் ஜேஸ்டாட்டில் ஜிசியூடில் போட்டும் பாருங்கள்: பழைய தலைமுறை மெமரி (நெடுநேரம் தங்கும் டேட்டா இருக்கும் பகுதி) 100 சதவீதத்தை ஒட்டி நின்று, ஃபுல் ஜிசி (மெமரி முழுவதையும் துப்புரவு செய்வது) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் சர்வர் ஹேங் ஆகவில்லை, குப்பை பொறுக்குவதிலேயே அதன் நேரமெல்லாம் போகிறது.

டிஸ்க் ஃபுல் கதை இன்னும் வேடிக்கை. லினக்ஸில் கேட்டலினா டாட் அவுட் தானாகச் சுழலாது (பழையதை ஒதுக்கிவிட்டுப் புது ஃபைல் தொடங்காது), நிறுத்தாமல் ஓடுகிற சர்வரில் வளர்ந்துகொண்டே போகும். ஒரு நாள் டிஸ்க் நிறைந்ததும் யாராவது ஆர்எம் போட்டு அழித்துவிடுவார்கள். டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் பார்த்தால் இன்னமும் ஃபுல்! ஃபைலின் பெயர்தான் போனது, ஜாவா அதைத் திறந்து வைத்திருக்கிறவரை இடம் திரும்பாது. அழிக்கக் கூடாது, உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்ய வேண்டும். முதல் நாளே லாக் ஃபைல்களைச் சுழற்றும் லாக்ரொட்டேட்டில் காப்பிட்ரங்கேட் (நகல் எடுத்துவிட்டு மூல ஃபைலைக் காலி செய்வது) போட்டிருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

கலர் கலராக கிராஃப் காட்டும் மென்பொருள் வாங்கினால் தீர்ந்தது என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார். சரி, வாங்குங்கள். அந்தப் பழைய ஜாவாவில் அதன் ஏஜென்ட் (ஜாவாவுக்குள் உட்கார்ந்து தகவல் அனுப்பும் துண்டு) ஏறுமா என்று முதலில் கேளுங்கள். பிராசஸ் உயிரோடு இருப்பதும் அது பதில் சொல்வதும் வேறு வேறு என்பதால், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை லாகின் பக்கத்தை கர்ல் கட்டளையில் கூப்பிட்டுப் பார்த்து, எல்லாம் சரி என்கிற பதில் எண்ணான 200 வராவிட்டால் மெயில் அனுப்புகிற சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை, நேரம் வைத்து வேலைகளை ஓட்டும் கிரானில் வைத்தாலே பாதி போன் குறையும். இந்தப் பழைய சர்வர்களை இன்டர்நெட்டுக்குத் திறந்து வைக்காதீர்கள், அதில் மட்டும் நான் கறார். 2021 டிசம்பரில், ஜாவா புரோகிராம்கள் லாக் எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜேயின் பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தபோது பட்டதை மறந்துவிட்டோமா?

காட்பாடியைச் சுற்றிக் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர். வேலைக்கு வரும்போது த்ரெட் டம்ப் என்றால் முழிக்கிறார்கள். வேண்டுமென்றே கெடுத்து வைத்த ஒரு டாம்கேட்டை லேபில் கொடுத்து, ரீஸ்டார்ட் பண்ணாமல் காரணம் கண்டுபிடி என்று விட்டால் ஒரு பருவத்தில் தேறிவிடுவார்கள். உங்கள் பக்கத்தில் ஒரு வாரம் இதற்கு இடம் கொடுங்கள், எழுதித் தர நான் தயார். படம் கேட்டால் மட்டும் கறுப்புத் திரை தவிர என்னிடம் ஒன்றும் இல்லை, பரவாயில்லையா?

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், காட்பாடி