தங்கப் படலத்தில் நகர்ந்துபோன உச்சி

அன்பு நண்பா,

நீ அனுப்பிய நிறமாலையை, அதாவது துளையிட்ட தங்கப் படலம் எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளியைக் கடத்துகிறது என்ற வரைபடத்தைப் பார்த்தேன். கண்ணாடி மேல் 200 நானோமீட்டர் தடிமனில் தங்கம், 200 அகலத் துளைகள், சதுர வரிசையில் 600 இடைவெளி. சூத்திரக் கணக்குப்படி 930 நானோமீட்டர் அலைநீளத்தில் வர வேண்டிய உச்சி 970-ல் நிற்கிறது, துளை கோணிவிட்டதா என்று கேட்டிருந்தாய். துளைமேல் பழி போடாதே. அந்தச் சூத்திரம் துளையே இல்லாத வழவழப்பான தங்கத்தில் ஓடும் பிளாஸ்மானுக்கானது (உலோகப் பரப்பை ஒட்டி ஒளியும் எலக்ட்ரான்களும் சேர்ந்து ஓடும் அலைதான் பிளாஸ்மான்). துளை வந்ததும் பிளாஸ்மான் கசியும். துளை வழியே நேராக நுழையும் ஒளியும், பிளாஸ்மானாகச் சுற்றி வரும் ஒளியும் குறுக்கிட்டு, உச்சியைச் சிவப்புப் பக்கம், அதாவது நெடிய அலைநீளத்துக்குத் தள்ளிவிடும். கணக்கு காட்டும் இடத்தின் அருகே பெரும்பாலும் பள்ளம்தான் இருக்கும்.

1998-ல் தாமஸ் எப்பெசன் என்ற ஆய்வாளரின் குழு வெள்ளியில் கண்டது இதைத்தான்: 150 அகலத் துளை, 900 இடைவெளி, உச்சி 1370-ல். அதே துளைகளை உலோகமல்லாத ஜெர்மானியத்தில் போட்டால் ஒன்றும் நடக்கவில்லை. உலோகம்தான் காரணம் என்பதற்கு எனக்கு இதைவிட அழகான சான்று தெரியாது.

உண்மையில் கவலைப்பட வேண்டியது உன் உச்சியின் உயரம்: விழும் ஒளியில் 5 சதவீதம்தான் கடக்கிறது. துளைகளின் பரப்பே மொத்தத்தில் 8.7 சதவீதம். அதைத் தாண்டினால்தான், துளைமேல் விழுந்ததைவிட அதிக ஒளி வெளியே வந்தது என்று சொல்ல முடியும்.

முதல் சந்தேகம் உன் லென்ஸ்மேல். ஒளி விழும் சாய்வு ஒரு டிகிரி கூடினாலே உச்சி இரண்டாகப் பிளந்து, பக்கத்துக்குச் சுமார் 10 நானோமீட்டர் விலகும். 5 டிகிரிக் கூம்பாகக் குவித்தால் உச்சி கரைந்து மேடாகிவிடும். குவிக்காமல் இணைக்கற்றையில் அளந்து பார்.

அடுத்து, ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் கண்ணாடி. காற்றுப் பக்கப் பிளாஸ்மான் 630 அருகே ஒத்திசைகிறது, கண்ணாடிப் பக்கத்தது 930-ல். இரண்டும் கை கோக்க வழியில்லை. கண்ணாடியைப் போலவே ஒளிவிலகல் எண் 1.5 உள்ள எண்ணெயைத் துளைகள் நிரம்பும்படி மேலே ஒரு சொட்டு விடு. காற்றுப் பக்கத்து உச்சி மறையும், நெடிய அலைநீள உச்சி நன்றாக உயரும்.

அப்படியும் ஏறாவிட்டால், தங்கம் கண்ணாடியில் ஒட்ட இடையில் போடும் ஒட்டுப்படலத்தைப் பார். குரோமியம் 5 நானோமீட்டர் இருந்தாலே கண்ணாடிப் பக்கப் பிளாஸ்மானை விழுங்கிவிடும். அதற்குப் பதில் டைட்டானியம் 2 நானோமீட்டர் போட்டால் ஒட்டுவதற்குப் போதும்.

எண்ணெய் விட்டபின் எடுக்கும் நிறமாலையை உடனே அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்