டென்பிக்குப் பேருந்து பிடிக்கும் முன்: சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

கோடை தோறும் வேல்ஸ் கடற்கரைக்குச் சுற்றுலா ஏற்பாடு செய்யும் பிரிட்டன் தமிழ்ச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். ஐம்பது பேருக்கு இருக்கை, சைவம் அசைவம் பிரித்துச் சாப்பாடு, வழியில் இரண்டு இடத்தில் கழிப்பறை நிறுத்தம். இதெல்லாம் எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும். எனவே இதைக் குறை என்று எடுத்துக்கொள்ளாமல் படியுங்கள். கொஞ்சம் குறையும்தான்.

நான் போன ஒரு பயணத்தைச் சொல்கிறேன். எந்தச் சங்கம் என்பது வேண்டாம். லண்டனில் விடியற்காலை கிளம்பி, வேல்ஸின் கடலோர ஊரான டென்பி போய்ச் சேர மதியம் பன்னிரண்டரை ஆகிவிட்டது. 'மணலில் நடந்தே கோட்டைத் தீவு' என்று துண்டறிக்கையில் படத்தோடு போட்டிருந்தார்கள். புனித கேத்தரின் தீவைத்தான் சொல்கிறேன். தீவு இருந்தது, அதன் மேல் விக்டோரியா காலத்துக் கோட்டை இருந்தது, நடுவில் கடலும் இருந்தது. சரி, படகேறிக் கால்டி தீவுக்காவது போய் அங்கே துறவிகள் செய்யும் சாக்லேட் வாங்கலாம் என்றால், அன்று ஞாயிறு, படகு இல்லை. கார் நிறுத்துமிடத்தில் நின்றபடி புளியோதரை சாப்பிட்டோம். நாலரைக்குப் பேருந்து கிளம்பியபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கடல் பின்வாங்கி, மணல் அப்போதுதான் விரிந்துகொண்டிருந்தது.

இதில் யார் மேலும் தப்பில்லை என்று சொல்ல ஆசைதான். நம் ஊர்க் கடல் நமக்கு இதைப் பழக்கவில்லை. மெரினாவில் ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவது, ஒரு மீட்டர் அளவுதான். காலையில் போனாலும் மாலையில் போனாலும் அதே மணல். யாழ்ப்பாணத்து நண்பர்கள் இதை வற்றுப்பெருக்கு என்பார்கள். அங்கேயும் ஏற்ற இறக்கம் குறைவே. டென்பியிலோ பெரிய ஓத நாட்களில் கடல் 7 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. அந்தக் கரையை ஒட்டிய பிரிஸ்டல் கால்வாய் என்ற கடற்பகுதி புனல் போலக் குறுகுவதால் கிழக்கே போகப்போக இது இன்னும் கூடும். காலையில் படகுகள் மிதந்த டென்பி துறைமுகத்தில் மதியம் அதே படகுகள் சேற்று மணலில் சாய்ந்து கிடக்கும்.

இதைக் கணிக்க நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியே பாதி உதவும். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் ஓதம் மிகப் பெரிது. கோடையில் அந்த நாட்களில் டென்பிக் கடல் தோராயமாக மதியம் ஒன்று, இரண்டு மணியை ஒட்டி வற்றிக் கிடக்கும். ஒரு வாரம் தள்ளி, அஷ்டமி வாக்கில் போனால், அதே நேரத்தில் ஏறி நிற்கும். அஷ்டமி நவமியில் எதையும் தொடங்காதே என்பார் என் பாட்டி. டென்பியைப் பார்க்காமலே சரியாகச் சொல்லியிருக்கிறார்! ஆனால் நாட்காட்டி தேதி குறிக்க மட்டும்தான். மணி குறிக்க அந்த ஊருக்கான ஓத அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். ஏற்றமும் வற்றமும் தினமும் சராசரியாக முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும்.

சில இடங்களில் இது பொழுதுபோக்குப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. கோவர் தீபகற்பத்தில் ரொசிலிக்கு அருகே வர்ம்ஸ் ஹெட் என்ற முனை பாம்பு போலக் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. கடல் முழுதாக வற்றும் நேரத்துக்கு முன் இரண்டரை மணி, பின் இரண்டரை மணி, அவ்வளவுதான் அங்கே நடந்து போய்வர நேரம். மாட்டிக்கொண்டால் நீந்தவோ தண்ணீரில் இறங்கி நடக்கவோ கூடாது. உயரமான இடத்தில் இருந்துகொண்டு 999 அழைத்துக் கடலோரக் காவல் வேண்டும் என்று கேட்க வேண்டும். இந்த ஒரு வரியைத் துண்டறிக்கையில் சாப்பாட்டுப் பட்டியலுக்கு மேலே அச்சடியுங்கள்.

ஒரே நாளில் போய்த் திரும்புவதையும் விடுங்கள். வெள்ளி இரவே போய் இரண்டு இரவு கேரவனில் தங்கினால் எந்த ஓதத்துக்கும் ஏதாவது வேலை இருக்கும். கடல் வற்றும்போது பாறைக் குட்டைகளில் நண்டும் இறாலும் தேடலாம் (பார்த்துவிட்டு அதே குட்டையில் விட வேண்டும்). ஏறும்போது துறைமுகச் சுவரில் உட்கார்ந்து கயிற்றில் இரை கட்டி நண்டு பிடிக்கலாம். என் மகளுக்குக் கோட்டையைவிட இதுதான் பிடித்தது. இளைஞர்கள் கோஸ்டீரிங் கேட்பார்கள். பாறை ஓரமாக ஏறி, நீந்தி, குதித்துப் போகும் இந்த விளையாட்டு 1980களில் செயிண்ட் டேவிட்ஸ் பக்கம் வளர்ந்தது. வழிகாட்டி, ஹெல்மெட், வெட்சூட் இல்லாமல் அனுப்பாதீர்கள். ஆகஸ்டிலும் தண்ணீர் 16, 17 டிகிரிதான். சுடிதாரோடு இறங்கினால் பத்து நிமிடத்தில் பல் தந்தியடிக்கும்.

பெரியவர்களைப் பேருந்திலேயே உட்கார வைக்காதீர்கள். 1970இல் திறந்த பெம்ப்ரோக்‌ஷயர் கடலோரப் பாதை 186 மைல், அவர்களுக்கு அதில் ஒரு மைல் போதும். அப்புறம் பாஷர்ஸ்டன் அல்லிக் குளங்கள். ஜூன் மாதம் பூத்து நிற்கும், குளத்தோரமாகவே நடந்தால் பிராட் ஹேவன் சவுத் கடற்கரை வந்துவிடும். அல்லியைப் பார்த்ததும் என் மாமியார் முட்டிவலியை மறந்து நடந்தார்.

இன்னொன்று. ஆகஸ்ட் பயணத்துக்குப் பஃபின் பறவைப் படம் போடாதீர்கள். அதே கரையோரத்து ஸ்கோமர் தீவுக்கு ஏப்ரலில் வரும் அவை ஜூலை கடைசிக்குள் கடலுக்குத் திரும்பிவிடும்.

அடுத்த கோடைக்குத் தேதி குறிக்கும் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிடுங்கள். நாட்காட்டியும் ஓத அட்டவணையும் நான் கொண்டுவருகிறேன். புளியோதரையை மட்டும் மாற்ற வேண்டாம்.

அன்புடன்,
பேருந்தின் கடைசி இருக்கையில் வந்த ஒருவர்