குட்டியை இன்னும் கையில் வாங்கவில்லை

ஏற்காடு,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ கேட்ட ஜாக் ரஸ்ஸல் நாய்க்குட்டி இன்னும் கைக்கு வரவில்லை. போனில் சொன்னால் பாதியில் "சரிப்பா, மீட்டிங்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

புதன்கிழமை 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தில் நீ சொன்ன ஆளைப் போய்ப் பார்த்தேன். "ரெண்டு மாசம் முடிஞ்சிருச்சு சார்" என்றார். குட்டியின் வாயைத் திறந்து பார்த்தேன். கடைவாயில் பல்லே முளைக்கவில்லை. இரண்டு மாதக் குட்டிக்குப் பால்பல் எல்லாம் வந்திருக்க வேண்டும். தாய் எங்கே என்றேன், "ஊர்ல இருக்கு" என்றார். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது என்றேன். டீ வாங்கப் போன பையனை அவர் பாதி வழியிலேயே திரும்பக் கூப்பிட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை சேலத்திலேயே சூரமங்கலத்தில் அம்மாவுக்குத் தெரிந்தவர்கள் வீடு. தாய் வாசலிலேயே படுத்திருந்தது. இரண்டு குரைப்பு குரைத்தது, என் செருப்பை மோந்து பார்த்தது, போய்ப் படுத்துக்கொண்டது. அந்தக் குணம் எனக்குப் பிடித்தது. நான்கு குட்டிகள், ஆறு வாரம். ஒவ்வொன்றாகத் தனி அறையில் விட்டு, அதன் முதுகுப் பக்கம் சாவிக்கொத்தைப் போட்டேன். வெள்ளை அதிகம் உள்ள நாய்களுக்குப் பிறவிச் செவிடு வருவதுண்டு, ஜாக் ரஸ்ஸலுக்கும்தான். கூட்டத்தோடு இருந்தால் தெரியாது. மற்றவை ஓடினால் செவிட்டுக் குட்டியும் ஓடும். நான்கும் திரும்பிப் பார்த்தன. ஒரு பெட்டைக்குட்டி, இடது காது மட்டும் பழுப்பு, வந்து சாவியைக் கவ்வி இழுத்துக்கொண்டே போய்விட்டது. அதற்குத்தான் முன்பணம் கொடுத்திருக்கிறேன். இன்னும் இரண்டு வாரம் அங்கேயே இருக்கட்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் கூடப்பிறந்தவைதான் சொல்லிக்கொடுக்கும்.

படத்தைப் பார்த்து மடியில் தூங்குகிற நாய் என்று நினைத்துவிடாதே. இங்கிலாந்தில் டெவன் பக்கம் ஜான் ரஸ்ஸல் என்ற பாதிரியார் நரி வேட்டைக்கு வளர்த்த வம்சம் இது. 1819-ல் ஒரு பால்காரரிடம் அவர் வாங்கிய பெட்டைதான் தொடக்கம் என்பார்கள். அதன் பேர் ட்ரம்ப், சிரிக்காதே. மண்ணுக்குள் பதுங்கிய நரியை விரட்டி வெளியே கொண்டுவருவது இவற்றின் தொழில். நான் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்த எஸ்டேட்டில் மேனேஜர் ஒன்று வைத்திருந்தார். காபி ஸ்டோரில் எலி நடமாட்டமே இல்லாமல் செய்தது. கூடவே மிளகுக்கொடியின் வேரையும் தோண்டிப் போட்டது. உன் ஆறாவது மாடி வீட்டில் அதற்கு என்ன வேலை வைத்திருக்கிறாய்? காலையும் மாலையும் நடை. நடுவில் சாப்பாட்டைத் துணியில் சுருட்டி ஒளித்துவைத்துத் தேடவிடு. இல்லாவிட்டால் சோபாவைத் தோண்டும்.

பார்வோ என்ற வாந்திபேதி நோய்க்கான ஊசி ஆறு, எட்டு வாரத்தில் ஆரம்பித்து, 3, 4 வாரத்துக்கு ஒருமுறை 16 வாரம் வரை போட வேண்டும். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்துக்குப் பிறகு. அதுவரை தெருநாய் நடமாடும் இடத்தில் கீழே விடாதே. தூக்கிக்கொண்டே போய் ஆட்டோ, குடை, குழந்தைகள் எல்லாம் காட்டு. திராட்சை, வெங்காயம், சாக்லேட் கூடாது. உண்ணி இருக்கிறதா என்று காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தினமும் பார்.

ஊசி முடியும் வரை இங்கேயே வளர்த்துத் தருகிறோம் என்கிறாள் அம்மா. எனக்கும் ஆசைதான். ஆனால் வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் பழகும் ஆளும் சத்தமும்தான் அதற்கு உலகம். இங்கே வளர்ந்தால் அது எங்கள் நாய், உன் லிஃப்ட்டைக் கண்டாலே நடுங்கும். பத்து நாள் லீவு போட்டுவிட்டு வா. லீவு கிடைக்காது என்றால் சொல்லிவிடு, முன்பணம் போனால் போகட்டும்.

போன மாதம் நீ வந்தபோது போர்த்திய போர்வையை நாளைக்குச் சூரமங்கலத்தில் குட்டிகளோடு போட்டுவிட்டு வரப்போகிறேன். உன் வாசம் அதற்குப் பழகட்டும். தாயின் வாசமும் அதில் ஏறினால் முதல் ராத்திரி அழுகை குறையும். அம்மா அதைத் துவைக்க எடுத்துப் போய்விட்டாள். வாளியில் போடுவதற்குள் பிடுங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா