சாப்பிட்டாச்சா என்பதை ஆங்கிலத்தில் கேட்பது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் ஆங்கிலப் பயிற்சிப் பகுதியில், 'ஹேவ் யூ ஈட்டன்?' மட்டுமே சரி, 'டிட் யூ ஈட்?' தவறு என்று போட்டிருந்தீர்கள். நான் பீளமேட்டில் 16 வருடமாக மெஸ் நடத்துகிறவள். அசாம், மணிப்பூர் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைத் தினமும் நாற்பது தடவையாவது கேட்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

'டிட் யூ ஈட்?' தவறே இல்லை. அமெரிக்காவில் சாதாரணமாகக் கேட்பதே அப்படித்தான். பிரிட்டிஷ்காரர்கள் பெரும்பாலும் 'ஹேவ் யூ ஹேட் லன்ச்?' என்பார்கள். தவறு எதுவென்றால், ஆரம்பத்தில் நான் கேட்டுக்கொண்டிருந்த 'டிட் யூ ஏட்?'. இறந்தகாலத்தை 'டிட்'டே சுமந்துவிட்டது, பிறகு 'ஏட்' எதற்கு? ஒரு மணிப்பூர்ப் பெண் தட்டைக் கழுவியபடியே, "ஆன்ட்டி, ஈட்" என்றாள். அவ்வளவுதான் பாடம்.

உண்மையில் நமக்குக் கைகொடுப்பது 'ஹேவ்'தான். நம் 'சாப்பிடு' சோற்றுக்கும் வரும், காபிக்கும் வரும். 'ஈட்' காபிக்கு வராது. 'ஹேவ்' இரண்டுக்கும் வரும். நாமோ 'எடுத்துக்குங்க' என்பதை மனதில் வைத்து 'டேக்' போடுகிறோம். "டேக் யுவர் ஃபுட்" என்று நான் சொல்லப்போய், ஒரு பையன் டப்பாவை நீட்டிப் பார்சல் கேட்டான்! மாத்திரைக்கு மட்டும் 'டேக்' சரி. அதையும் நாம் சாப்பிடத்தானே செய்கிறோம்.

'ஹேவ் யூ ஹேட்' என்று ஒரே சொல் இரண்டு முறை வருவதில் எனக்கும் நாக்கு இடறியது. முதலாவது துணைக்கு வந்தது, இரண்டாவதுதான் 'சாப்பிடு' என்று பிடிபட்டதும் சரியாகிவிட்டது. 'சாப்பிட்டாச்சா?' என்றால் 'ஹேவ் யூ ஹேட்'. 'எப்போ சாப்பிட்டே?' என்று நேரம் கேட்டால் 'வென் டிட் யூ ஹேவ் லன்ச்?'தான், அங்கே 'வென் ஹேவ் யூ' ஒட்டாது. 'திருநெல்வேலி அல்வா சாப்பிட்டிருக்கியா?' என்பதற்கு 'ஹேவ் யூ எவர் ஹேட்'. இந்த வித்தியாசமெல்லாம் தமிழிலேயே இருக்கிறது, புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

அப்புறம், 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' தப்பு என்று பள்ளியில் அடித்துச் சொன்னதில், 'ஹேவிங்' என்றாலே பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். 'ஐ ஆம் ஹேவிங் லன்ச்' தாராளமாகச் சொல்லலாம்.

அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். கூடவே இதையும் சேர்த்துக்கொள்ளலாம்: 'ஹேவ் யூ ஹேட் லன்ச்?' என்று நாம் நலம் விசாரிப்பதுபோல் கேட்டால், வெளிநாட்டுக்காரர்களில் சிலர் சாப்பிடக் கூப்பிடுகிறோம் என்று எடுத்துக்கொள்வார்கள். என்னிடம் அப்படி வந்தால் கவலையில்லை, பில் போட்டுவிடுவேன்.

மெஸ் நடத்தும் வாசகி,
பீளமேடு, கோவை - 4