மேற்கு ஜன்னலுக்கும் தெற்கு ஜன்னலுக்கும் ஒரே சீலையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், புது வீட்டுக்கான திரைச்சீலைகளைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். சுவரின் வண்ணத்துக்கும் சோபா உறைக்கும் பொருந்துமாறு துணி எடுப்பது எப்படி என்பதைக் கட்டுரையாளர் அழகான படங்களுடன் விளக்கியிருந்தார். ஈரோட்டில் 23 ஆண்டுகளாக வீடு வீடாகச் சென்று அளவெடுத்துத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பதே என் தொழில். நிறத்தைப் பற்றி அவர் எழுதியதில் எனக்கு மாற்றுக் கருத்து ஏதுமில்லை. ஆனால், ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது என்ற கேள்வி அக்கட்டுரையில் ஓரிடத்திலும் எழவில்லை. அளவெடுப்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. என் வாடிக்கையாளர்களில் பலரும் இதே வரிசையில்தான் யோசிக்கிறார்கள் என்பதாலும், அதனால் அவர்கள் வீண் செலவு செய்வதை வாரந்தோறும் பார்த்து வருகிறேன் என்பதாலும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வீடு கட்டுகிறவர்கள் எங்களை அழைப்பது பெரும்பாலும் கிரகப்பிரவேசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான். சிமெண்ட், கம்பி, டைல்ஸ், மரவேலை எல்லாவற்றுக்கும் கொடுத்தது போக, கையில் என்ன மிஞ்சியிருக்கிறதோ அதுவே திரைச்சீலைக்கான பணம். அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வராது. வீடு கட்டுவதன் பாரம் அத்தகையது. எனினும், திரைச்சீலை தொங்கவேண்டிய சுவரில் அதற்கான இடத்தை விட்டுவைப்பதற்குப் பணம் எதுவும் தேவையில்லை. நம் ஊர் வீடுகளில், ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் விட்டமான லிண்டல் 7 அடி உயரத்தில் போடப்படுகிறது. அந்த உயரத்திலேயே படுக்கையறையில் பொருள் வைப்பதற்கான லாஃப்ட் பலகையையும், சில வீடுகளில் நேராக ஜன்னலுக்கு மேலேயே, வார்த்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட அறையில் ஜன்னல் சட்டத்துக்கும் லாஃப்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடம்கூட இருக்காது. ராடு மாட்ட வழியில்லாமல், லாஃப்டின் அடிப்பக்கத்தில் துளையிட்டுத் தொங்கவிட வேண்டியதாகிறது. சிறிய துளைக் கருவி கான்கிரீட்டில் இறங்குவதில்லை. உள்ளே கம்பி தட்டினால் பிராக்கெட்டை ஒரு அங்குலம் தள்ளி வைக்க வேண்டும், அப்போது சீலை ஜன்னலுக்கு நேராக நிற்பதில்லை. ஜன்னலை ஒட்டியே சுவிட்ச் பெட்டி வைத்துவிட்ட வீடுகளில், விளக்கைப் போட ஒவ்வொரு முறையும் திரையை விலக்க வேண்டியிருக்கிறது. பூச்சு வேலைக்கு முன்பு ஒரு நாள் அரை மணி நேரம் எங்களில் யாரையாவது அழைத்துக் காட்டியிருந்தால், இவற்றில் எதுவும் நேர்ந்திருக்காது. லிண்டலுக்கு மேல் 6 அங்குலம், ஜன்னலின் இரு புறமும் 8 அங்குலம் வெறும் சுவராக விட்டால் போதும். அதற்கு மேல் நாங்கள் கேட்பது ஒன்றுமில்லை.

இனி, திசைக்கு வருகிறேன். ஈரோட்டில் ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 23-ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. இந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட நான்கு மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்குச் சற்று வடக்கே இருக்கிறது. ஆகவே கோடையின் உச்சத்தில் தெற்கு ஜன்னலுக்குள் நேர் வெயில் வருவதில்லை. மார்கழி, தை மாதங்களில் தெற்கு ஜன்னலில் விழும் இளவெயில் பெரும்பாலோருக்கு இதமாகவே இருக்கிறது. மேற்கு ஜன்னலின் நிலை முற்றிலும் வேறு. நண்பகல் வெயிலைத் தடுக்கும் 2 அடி சன்ஷேட், மாலை 4 மணிக்குச் சரிவாக வரும் வெயிலுக்கு எந்தத் தடையும் ஆவதில்லை. கட்டிலில் படுத்திருப்பவரின் முகம் வரைக்கும் அந்த வெயில் நீள்கிறது. ஆனால் ஒரே வீட்டின் தெற்கு ஜன்னலுக்கும் மேற்கு ஜன்னலுக்கும் ஒரே துணியை, ஒரே கனத்தில், ஒரே நிறத்தில் கேட்பவர்களே அதிகம். எல்லா அறைகளும் ஒன்றுபோல இருந்தால்தான் அழகு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவ்வாறு தைப்பதில் தையற்காரருக்கு வேலை சுலபம். அந்த வீட்டில் குடியிருப்பவருக்குத்தான் கோடை கடினம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, மேற்குப் பார்த்த அறையில் இருந்த ஒரு மூதாட்டிக்காக அவருடைய மகன் என்னை அழைத்தார். அந்த ஜன்னலுக்கு வேறொரு கடையில் தைத்த, ஒளி புகாத பூச்சுள்ள அடர் மெரூன் திரை ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. அறை இருட்டாக இருந்தது. ஆனால் வெக்கை குறையவில்லை. "இருட்டுக்குள்ள வெந்துட்டு இருக்கறேன் அம்மிணி" என்றார் அந்த அம்மா. திரைக்கும் கண்ணாடிக்கும் இடையில் கையை நுழைத்துப் பார்த்தேன். சூடான இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் கை வைத்தது போல் இருந்தது. காரணம் எளிது. கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிட்ட வெயிலை அடர் நிறத் துணி உறிஞ்சிச் சூடாகிறது. அந்தச் சூடு கண்ணாடி வழியே எளிதில் திரும்பிப் போவதில்லை. திரைக்கு மேலும் கீழும் உள்ள இடைவெளி வழியாக அது அறைக்குள்தான் பரவுகிறது. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும் என்று மகனிடம் சொன்னேன். சன்ஷேட்டின் விளிம்பிலிருந்து, கயிறு இழுத்தால் சுருளும் மூங்கில் தட்டி ஒன்றை வெளிப்புறம் கட்டச் செய்தோம். உள்ளே, மெரூன் துணிக்குப் பதிலாக, பின்புறம் வெள்ளை லைனிங் கொடுத்த சந்தன நிறப் பருத்திச் சீலையைத் தைத்து மாட்டினேன். பழைய திரைக்குக் கொடுத்ததில் பாதிகூட இந்த இரண்டுக்கும் சேர்த்து ஆகவில்லை. நம் பாட்டிமார் வெட்டிவேர்த் தட்டியைத் திண்ணையின் வெளி ஓரத்தில் கட்டித் தண்ணீர் தெளித்து வைத்தார்களே தவிர, அறைக்குள் கொண்டுவந்து கட்டவில்லை என்பதை அன்று அந்த அம்மாவே எனக்கு நினைவூட்டினார்.

அளவு என்பது எங்கள் தொழிலில் உயிர்நாடி. கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் திரைகள் பெரும்பாலும் 4 அடி அகலத்தில், 5, 7, 9 அடி உயரங்களில் வருகின்றன. நம் கூடங்களில் சாதாரணமாக உள்ள 6 அடி அகல ஜன்னலை எடுத்துக்கொள்வோம். இரு புறமும் 8 அங்குலம் விட்டால் ராடு 88 அங்குலம். இதற்கு ஆயத்தத் திரை இரண்டை மாட்டினால் மொத்த அகலம் 96 அங்குலம்தான். மூடும்போது மடிப்பே இல்லாமல், வேட்டியைக் கொடியில் உலர்த்தியது போல் நிற்கும். வளையம் வைத்த திரை மடிப்பு விழுந்து நிற்பதற்கு ராடின் நீளத்தைப் போல் இரு மடங்கு துணி வேண்டும். மேலே கொசுவி ஊசி மாட்டும் வகைக்கு இரண்டரை மடங்கு வேண்டும். ஆகவே வளையத் திரையானால் 88 அங்குல ராடுக்கு 176 அங்குலத் துணி. திரைத்துணி 54 அங்குல அகலத்தில் வந்தால், நான்கு பாகம் வெட்ட வேண்டும். ராடு தரையிலிருந்து ஏழரை அடி உயரத்தில் இருந்தால் நீளம் 90 அங்குலம். மேல்மடிப்புக்கும் கீழ்மடிப்புக்கும் 12 அங்குலம் சேர்த்து 102. நான்கு பாகத்துக்கும் கூட்டினால் ஏறத்தாழ பத்தரை மீட்டர் ஆகிறது. அதே துணியில் 25 அங்குலத்துக்கு ஒருமுறை திரும்ப வரும் பெரிய பூ அச்சிட்டிருந்தால், ஒவ்வொரு பாகத்தையும் ஒரே பூவில் தொடங்கி வெட்ட வேண்டும். அப்போது பாகம் ஒன்றுக்கு 125 அங்குலம் தேவைப்பட்டு, கணக்கு 12 மீட்டர் 70 சென்டிமீட்டருக்குப் போய்விடுகிறது. பூத்துணி எடுக்கும்போது கூடுதல் துணி எதற்கு என்று தையற்காரர் மீது ஐயம் கொள்பவர்களுக்காக இந்தக் கணக்கை இவ்வளவு விரிவாக எழுதினேன். பூ சிறியதாக இருந்தால் சேதாரமும் சிறிது.

வளையங்களின் எண்ணிக்கை ஒவ்வொரு சீலையிலும் இரட்டைப்படையில் இருக்க வேண்டும். அப்போதுதான் இரு ஓரங்களும் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கும். பருத்தித் துணியை வெட்டுமுன் நனைத்து உலர்த்த வேண்டும். இல்லையென்றால் முதல் சலவையில் 100 அங்குலத்துக்கு 3 முதல் 5 அங்குலம் வரை சுருங்கி, தரையைத் தொட்டுக்கொண்டிருந்த திரை மேலே ஏறிவிடும். பட்டுத் துணியை லைனிங் இல்லாமல் வெயிலில் தொங்கவிட்டால் இழைகள் இற்றுப்போகும். அளவை எப்போதும் எஃகு டேப்பினால், தரை வேலை முடிந்த பின்பே எடுக்க வேண்டும். ஒரு வீட்டில், டைல்ஸ் பதிக்குமுன் வீட்டுக்காரர் தொலைபேசியில் சொன்ன அளவை நம்பி நானே துணியை வெட்டிவிட்டேன். டைல்ஸும் அதன் கீழே உள்ள கலவையும் சேர்ந்து தரை 2 அங்குலம் உயர்ந்திருந்ததால், ஒன்பது ஜன்னல்களின் சீலையும் தரையில் புரண்டன. அத்தனையையும் பிரித்து மறுபடி தைத்துக் கொடுத்தேன். அன்று முதல், நேரில் பார்க்காத ஜன்னலுக்கு நான் துணி வெட்டுவதில்லை.

சொற்களைப் பற்றியும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். திரையை ஒரு பக்கம் தள்ளுவதா, நடுவில் பிரிப்பதா, மேலிருந்து இறக்குவதா என்பதே நாங்கள் வாடிக்கையாளரிடம் முதலில் கேட்கும் கேள்வி. பழந்தமிழர் நாடக அரங்கில் இந்த மூன்றுக்கும் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று தனித்தனிப் பெயர் இருந்தது; எழினி என்றால் திரை. இன்று கடையில் விற்பவரும் வாங்குபவரும் ஆங்கிலப் பெயர்களைச் சொல்லித் தடுமாறும்போது, ஒருவர் நினைத்தது ஒன்றும் தைத்து வந்தது வேறொன்றுமாக ஆகிவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

மேலிருந்து இறக்கும் வகையில், வளையமாகத் தொங்கும் கயிறோ மணிச் சங்கிலியோ குழந்தையின் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. இத்தகைய சாவுகள் நிகழ்ந்ததால்தான் அமெரிக்காவில் கடைகளில் ஆயத்தமாக விற்கும் வகைகள் 2018-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, குழந்தைக்கு எட்டும் கயிறில்லாமல் தயாரிக்கப்படுகின்றன. இங்கே, சங்கிலியைச் சுவரோடு இறுக்கிப் பிடிக்கும் கொக்கியைப் பெட்டிக்குள் வைத்தே கொடுக்கிறார்கள். அதை மாட்டாமல் போகிறவர்கள் பலர். குழந்தை இருக்கும் வீட்டில் அந்தக் கொக்கியை மாட்டும்வரை, திரை மாட்ட வந்த ஆளைத் திருப்பி அனுப்பாதீர்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தொட்டிலையோ கட்டிலையோ அந்த ஜன்னலின் கீழே போடவும் வேண்டாம்.

துணி எங்கே வாங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றே. இங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் உள்ள கரூரில் நெய்யப்பட்டுத் தைக்கப்படும் திரைச்சீலைகள் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறுகின்றன. சென்னிமலையில் கைத்தறிப் போர்வை நெய்பவர்கள் இருக்கிறார்கள். கனமான அந்தப் பருத்தித் துணி மேற்கு ஜன்னலுக்கு நன்றாகவே பொருந்துகிறது. இவ்வளவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, துவைத்தால் பூச்சு உரியும் செயற்கை இழைத் துணியை நாம் தேடிப்போவது எனக்கு வருத்தம் தருகிறது. கரூர் துணி மீட்டர் கணக்கில் நம் ஊர்ச் சில்லறைக் கடைகளில் பரவலாகக் கிடைக்குமானால், சிறு வீட்டுக்காரர்களுக்கும் அது எட்டும் விலையில் அமையும்.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஞாயிறு இணைப்பில் வாரந்தோறும் ஒரு வீட்டின் வரைபடத்தை வெளியிடுகிறீர்கள். அதில் வடக்குக் குறியோடு, ஒவ்வொரு ஜன்னலின் அகலம், லிண்டல் உயரம், லாஃப்ட் வரும் சுவர் ஆகியவற்றையும் குறித்து வெளியிட்டால், அதைப் பார்த்து வீடு கட்டுபவர்கள் தங்கள் பொறியாளரிடமும் கொத்தனாரிடமும் உரிய நேரத்தில் கேட்க வழி பிறக்கும். மேற்குச் சுவரில் ஜன்னல் உள்ள வரைபடமானால், மூங்கில் தட்டி கட்டுவதற்கான இரண்டு கொக்கிகளைச் சன்ஷேட் வார்க்கும்போதே பதித்துவிடலாம் என்பதையும் அதன் கீழே ஒரு வரி சேர்த்தால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
திரைச்சீலை தைக்கும் வாசகி ஒருவர்,
ஈரோடு.